துண்டுக்கு வெளியே சொன்ன விலை

கல்யாண மண்டப வாசலில் என் அம்பாசிடரை நிறுத்தினால், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்க்க நாலு பேர் கூடிவிடுகிறார்கள். பானெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். டயரை ஒரு உதை உதைப்பார்கள். பிறகு அந்தக் கேள்வி வரும். "எவ்ளோவுக்கு எடுத்தீங்க?"

நான் ஒளிக்க மாட்டேன். ஒன்றேகால் லட்சம் என்பேன். கேட்டவர் முகத்தில் உடனே ஒரு இரக்கம் வந்து உட்காரும். "ஏமாந்துட்டீங்கம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பதுக்கு முடிச்சுக் குடுத்திருப்பேன்."

முடித்திருப்பார், சந்தேகமே இல்லை. எண்பதுக்கு அந்த வண்டி கைமாற இருந்ததுதான். அந்த எண்பது யார் கைக்குப் போக இருந்தது, என் கையிலிருந்து எவ்வளவு போக இருந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஏமாந்தவள் என்ற பட்டத்தை வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறேன். விலையை ஒரு ரூபாய்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். சூளையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். சூளையிலிருந்து வெளியே வருவதைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்து, கடையில் வைத்து விற்பது என் வேலை. விரல் முட்டியால் தட்டினால் நல்ல ஜாடி கணீரென்று பேசும். கீறல் விட்ட ஜாடி பொத்தென்று வாயை மூடிக்கொள்ளும். குறை உள்ளதை நான் மறைத்து வைப்பதில்லை. குறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு முன்வரிசையிலேயே வைப்பேன். வட்டம் போட்ட சாமானுக்கு என் கடையில் பேரம் கிடையாது. குறையைப் பார்த்தாயிற்று, விலையில் கழித்தாயிற்று, இனி பேச்சில்லை என்பதுதான் வட்டம். கடைக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு இது தெரியும். உலகத்துக்கே தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் ஆசை எப்படி வந்தது என்றால், அது ஆசையே இல்லை, வியாபாரம். உறவில் ஒரு கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. பூ சுற்றி நிறுத்தினார்கள். அரை நாள் நின்றது. அதற்கு அவர்கள் கொடுத்த வாடகையைக் கேட்டதும், என் கடையில் ஒரு வாரம் தொண்டை வறளப் பேசிச் சம்பாதிப்பது நினைவுக்கு வந்து எனக்கு வயிறு எரிந்தது. நம் ஊரிலேயே இப்படி ஒரு வண்டி ஏன் இருக்கக் கூடாது?

"பீங்கான் விக்கிறவளுக்குப் பழைய இரும்பு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டும் தட்டிப் பாத்து வாங்கற சாமான்தான்" என்றேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம் நான் என்று அவர் ரொம்ப நாளாகவே சொல்லிவருகிறார். ஆனாலும் நான் சீட்டு எடுத்த பணத்தில் அவர் தலையிடவில்லை.

ஒரு வருஷம் வண்டி பார்த்தேன். செல்போனில் விளம்பரம் விளம்பரமாகப் பார்த்தேன். சென்னைக்காரர்கள் மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று போட்டிருந்தார்கள். முதலில் மலைப்பாக இருந்தது. பொங்கலுக்குப் பார்த்த அதே வண்டி அதே விலையில் ஆடியிலும் நின்றபோது ஒன்று புரிந்தது. அது கேட்கிற விலை, கொடுத்த விலை இல்லை. என் கடையில் நானும் ஒரு பொம்மைக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதி வைக்கலாம். எழுதுவதற்கு யார் காசு கேட்கிறார்கள்?

பெண்ணாடத்தில் ஒருவர் கரும்புச் சோகைக்கு நடுவில் ஒரு வண்டி வைத்திருந்தார். கதவைத் திறந்தால் பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரண்டு லட்சம் என்றார். அந்த வண்டியில் அவர் அப்பா யார் யாரையெல்லாம் ஏற்றிப் போனார், எந்தெந்த ஊர்த் தலைவர்கள் அதன் முன்னால் கும்பிட்டு நின்றார்கள் என்று அரை மணி நேரம் சொன்னார். அவர் கேட்டதில் பாதி வண்டிக்கு, பாதி அவர் அப்பாவுக்கு. அப்பா பெரிய மனுஷராகவே இருந்திருக்கட்டும், அவரை நான் வாடகைக்கு விட முடியாது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு கணக்கு பிடிபட்டது. ஓடுகிற, ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிற அம்பாசிடர் எங்கள் பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று வாங்கினவரையும் விற்றவரையும் தனித்தனியாகக் கேட்பது. வாங்கினவர் குறைத்துச் சொல்வார், விற்றவர் ஏற்றிச் சொல்வார், நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும். அதிலிருந்து நான் பார்க்கிற வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கழிப்பது. அவ்வளவுதான். இதற்கு மீசை தேவையில்லை.

ஆனால் கம்மாபுரம் பக்கம் ஒரு வண்டி விலைக்கு இருக்கிறது என்று தெரிந்து கிளம்பியபோது, "பொம்பள தனியா போயி காரு வாங்குவாளா?" என்று அண்ணன் கூடவே வந்தார். நல்ல மனுஷர். எனக்காக எதையும் செய்வார், என்னைக் கேட்காமலே செய்வார். வண்டியைக் காட்டித் தரும் தரகரும் அங்கே வந்து காத்திருந்தார். மாட்டுத் தரகராக இருந்தவர். மாடு குறைந்து டிராக்டர் பெருகியதும் டிராக்டருக்கும் காருக்கும் மாறிவிட்டார். தோளில் பச்சைத் துண்டு மட்டும் மாறவில்லை.

வீட்டு வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வண்டி நின்றது. வெள்ளை நிறம், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். வண்டிக்குச் சொந்தக்கார அம்மாளுக்கு அறுபதை ஒட்டி வயதிருக்கும். அவருடைய வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊர் நிலம் போகிறது என்று பேச்சு இருப்பதாகவும், அந்த அம்மாள் மகள் வீட்டுக்குச் சேத்தியாத்தோப்புக்குப் போகப்போவதாகவும் அங்கே சைக்கிள் நிறுத்தவே இடமில்லை என்றும் தரகர்தான் சொன்னார். அந்த அம்மாள் நிலைப்படியைத் தாண்டவில்லை. "நீங்க உள்ள இருங்கம்மா, நாங்க பேசிக்கறோம்" என்று தரகர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் வண்டியைச் சுற்றினேன். தட்டினேன். கதவுகள் கணீரென்றன. இடது முன்பக்க மட்கார்டு பொத்தென்றது, உள்ளே பள்ளத்தை அடைக்கிற பட்டி பூசியிருக்கிறது. கால்மிதியைத் தூக்கினால் டிரைவர் பக்கத் தரையில் துரு, ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போனது. பின் விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. டிக்கியில் தண்ணீர் நின்ற தடம். சேஸிஸ் நம்பரைத் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தேன், சரியாக இருந்தது. இன்ஜினைப் போட்டேன். முதலில் கொஞ்சம் இருமிவிட்டு நிதானமாக ஓடியது, புகை இல்லை. பார்க்கப் பார்க்க வண்டி எனக்குப் பிடித்துவிட்டது.

பிடித்துவிட்டதால் கடைப் பழக்கத்தைச் செய்தேன். பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, கண்ட குறைகளைச் சுற்றியெல்லாம் வட்டம் போட்டேன். என்னைப் பொறுத்தவரை அது மரியாதை. உன் குறை எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் உன்னை வாங்கப்போகிறேன் என்று வண்டிக்குச் சொல்வது. நிலைப்படியில் நின்ற அந்த அம்மாளின் முகம் வட்டத்துக்கு வட்டம் கறுத்துக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. தரகர் கவனித்திருக்கிறார். நான் டிக்கிக்குள் குனிந்திருந்தபோது அவர் அந்த அம்மாளிடம் போய் என்னவோ சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பிப் பார்த்தால் அண்ணனும் தரகரும் வாசலோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கைகளும் பச்சைத் துண்டுக்கு அடியில் இருந்தன.

மாட்டுச் சந்தைக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. கைக்கு மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். மாட்டுக்கு எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை ஆயிரம், காருக்கு விரலுக்குப் பத்தாயிரம். வேண்டாம் என்றால் விரலை உதறுவார்கள். பிடித்த கையைக் குலுக்கிவிட்டால் முடிந்தது, அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.

அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் "ம்ஹூம்" என்றார். அண்ணன் "அட, விடுங்க" என்றார். துண்டு கொஞ்சம் ஆடியது. தரகர் "இதுக்கு மேல கேக்காத தம்பி, பாவம் அந்தம்மா" என்றார். துண்டு மறுபடி ஆடியது. இருவரும் சிரித்தார்கள்.

"எவ்ளோண்ணா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிடுச்சி. போவறப்ப சொல்றேன்" என்றார் அண்ணன்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்று யோசித்தாலும் தெரியவில்லை. சந்தையில் அந்தத் துண்டுக்கு ஒரு நியாயம் உண்டு. சுற்றி நிற்கிற கூட்டத்தின் காதில் விலை விழக் கூடாது. அங்கே துண்டுக்குள் வாங்குகிறவன் கையாவது விற்கிறவன் கையாவது இருக்கும். இங்கே வாங்குகிறவள் நான், டிக்கி பக்கத்தில் கையெல்லாம் கரியோடு நிற்கிறேன். விற்கிறவள் நிலைப்படிக்கு உள்ளே நிற்கிறாள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது போல, எங்கள் இருவருடையதையும் எடுத்து இவர்கள் இருவரும் விரலால் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போய்த் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

வந்துவிட்டது. அடியில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்தபடியே இருந்தன. வெளிச்சம் பட்டதும் அவை விலகிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"எவ்ளோன்னு வாயில சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்னு நாப்பது. ஒன்னரையில நின்னவரை நான்தான் பத்து கொறச்சேன். போதுமா?" என்றார்.

நான் நிலைப்படிப் பக்கம் திரும்பினேன். "அக்கா, உங்களுக்கு எவ்ளோன்னு சொன்னாரு?"

அந்த அம்மாள் தரகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு, "எம்பதுன்னாரு. நீ வண்டி பூரா கோலம் போட்டுக்கினு வந்தியே, அதப் பாத்துட்டு எம்பதே பெருசுன்னாரு. ஒவ்வொரு வட்டத்துக்கும் நீ காசு கொறைக்கச் சொல்றியாம்" என்றார்.

 என் கடையில் பேரத்தை முடித்துவைக்கிற வட்டம் இங்கே ஒரு பெண்ணின் தலையில் கல்லாக விழுந்திருக்கிறது. நான் நேர்மை என்று நினைத்துப் போட்டதை வைத்துத்தான் தரகர் அந்த அம்மாளின் விலையை இறக்கியிருக்கிறார். என் விலை மட்டும் இறங்கவேயில்லை, நடுவில் உள்ள அறுபதாயிரம் தரகரின் துண்டுக்குள்.

"கை குடுத்துட்டேன்" என்றார் அண்ணன். "இப்ப மாத்துனா நாளைக்கு எவன் என்னை நம்புவான்?"

"கை உங்களுது. காசு என்னுது. வண்டி அவங்களுது" என்றேன்.

அண்ணன் எழுந்து வேலிக்கு வெளியே போய் பைக் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தரகர் துண்டை என் கையிலிருந்து வாங்கி உதறினார். "இப்டிப் பேசற பொம்பளைக்கு இந்தப் பக்கத்துல எவனும் வண்டி காட்ட மாட்டான், பாத்துக்க" என்றார்.

"எனக்கு ஒரு வண்டி போதும். தரகு உங்களுக்கு உண்டு. எவ்ளோன்னு சத்தமா சொல்லி வாங்கிக்குங்க, ரெண்டு பேரும் தரோம்" என்றேன். அவர் போகவில்லை. டிரெய்லரிலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மாள் நிலைப்படியைத் தாண்டி வாசலுக்கு வந்தார். நான் வட்டத்தின் கதையைச் சொன்னேன், என் கடையில் அதற்கு என்ன அர்த்தம் என்று. முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

"சரி, உங்களுக்கு எவ்ளோ வேணும்?" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும். நீயே பாத்து சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். உங்க வண்டி. நீங்கதான் சொல்லணும்."

பானெட்டின் மேல் கையை வைத்தார். பிறகு, "ரெண்டு லட்சம்" என்றார்.

 டிரெய்லரிலிருந்து தரகர் கெக்கெக்கென்று சிரித்தார். "கேட்டீல்ல, வாங்கிக்கோ" என்றார். வாஸ்தவம்தான், கேட்டேன். கேட்டால் பதில் வரும், அது எனக்கு இனிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

"என் கணக்குல ஒன்னு பதினஞ்சு" என்றேன். பக்கத்து ஊர்களில் எந்த வண்டி எவ்வளவுக்குப் போனது, தரைத் தகடு மாற்ற எவ்வளவு ஆகும், எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வட்டமாகப் போய்ப் பார்த்தார். தரைத் துருவைக் குனிந்து பார்த்து, "இது நெசம்தான்" என்றார். பின் விளக்கு வட்டத்தை முந்தானையால் துடைத்தார். "புதுக் கண்ணாடி உள்ள இருக்குது. போட ஆளில்ல. எடுத்தாந்து தரேன்." டிக்கி வட்டத்தையும் துடைத்தார். "அது கோயிலுக்குப் போயிட்டு வந்தப்ப தீர்த்தக் கொடம் சாஞ்சது. மழை எறங்கல. வேணும்னா தண்ணி ஊத்திப் பாரு." ஊற்றிப் பார்த்தேன். இறங்கவில்லை.

மட்கார்டு வட்டத்தின் முன்னால் நின்றார். துடைக்கவில்லை.

"இது நான் இடிச்சது" என்றார். "அவரு ஊர்ல இல்லாதப்ப ஒரு தபா எடுத்து ஓட்டினேன். தெருமுனை வரைக்கும் போயி, வளைக்கறப்ப கம்பத்துல வுட்டுட்டேன். சாவற வரைக்கும் சொல்லிக் காட்டினாரு. இது கொற இல்ல. இதுக்கு ஒத்த ரூபா நீ கொறைக்கக் கூடாது."

உள்ளே பட்டிதான், தட்டினால் பொத்தென்றுதான் சொல்கிறது, என் தொழிலில் அது உடைசல் கூடைக்குப் போகிற சத்தம். இருந்தாலும் அதைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெண்ணாடத்துக்காரரின் அப்பாவுக்குக் கொடுக்காததை இவருக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், அவர் கூட்டிக் கேட்டார், இவர் கழிக்காதே என்றுதான் கேட்டார். அது போதும் எனக்கு.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். கையை நீட்டி என் சாக்பீஸைக் கேட்டார். வாங்கிக்கொண்டு போய் நான்கு டயரைச் சுற்றியும் பெரிய பெரிய வட்டமாகப் போட்டார். "புது டயரு. அவரு போறதுக்கு முன்னாடி போட்டது. நீ பாக்கவே இல்ல." பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பேட்டரியைச் சுற்றி ஒன்று. இருக்கை உறைக்கு ஒன்று. "கொறைக்கு மட்டும் வட்டம் போட்டா எப்படி? நல்லதுக்கு யாரு போடறது?"

இத்தனை வருஷமாகத் தரம் பிரிக்கிறேன். குறையைத் தேடத் தேடக் கண் அதற்கே பழகிவிட்டிருக்கிறது. நல்லதற்குப் பெயர் 'குறை இல்லாதது' என்று மட்டும்தான் என் கணக்கில் இருந்தது. டயரைக் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், பல் தேயவே இல்லை. தேய்ந்திருந்தால் எவ்வளவு கழித்திருப்பேனோ அதைக் கூட்டுவதுதானே நியாயம்? துடைத்த வட்டங்களுக்கும் மட்கார்டுக்கும் கழித்திருந்ததையும் சேர்த்துக் கூட்டினேன். ஒன்றேகால் வந்தது.

"ஒன்னு இருபத்தஞ்சு. இதுக்கு மேல எங்கிட்ட கெடையாது" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"சரி" என்றார் அவரும், அதே சத்தத்தில். தரகரும் தன் தரகை வாயால் சொன்னார். இரண்டு பக்கமும் கொடுத்தோம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பணம் கைமாறி, சாவி என்னிடம் வந்தது. நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், போகவிடவில்லை.

"சொரங்கத்துக்குப் போற நெலம், வூடு எல்லாத்துக்கும் வெல பேசிக்கினு இருக்காங்க" என்றார். "என் கொழுந்தன்தான் போறாரு. எவ்ளோன்னு கேட்டா, 'உனக்கு எதுக்கு அண்ணி, நாங்க பாத்துக்கறோம்'ன்றாரு. கையெழுத்து மட்டும் நான் போடணுமாம். அடுத்த மாசம் வூட்டை அளக்க வராங்க."

  ஒரு துண்டை இழுத்துவிட்டதற்காக நான் பெரிய வக்கீல் ஆகிவிடவில்லை.

"எவ்ளோ வேணும்னு எங்கிட்ட கேட்ட மொத ஆளு நீதான்" என்றார். பிறகு சட்டென்று, "இன்னும் ரெண்டாயிரம் குடு" என்றார்.

"முடியாதுக்கா. பேசினது பேசினதுதான்."

"தெரியும். நீ குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். அவங்க வரதுக்குள்ள கேட்டுப் பழகிக்கணுமில்ல?"

"பழகறதுன்னா இப்படியா முணுமுணுப்பாங்க? சத்தமா கேளுங்க."

அவர் கதவை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். "இன்னும் ரெண்டாயிரம் வேணும்!"

தெருவில் டிராக்டரில் போனவர் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு வெளியே அண்ணனும் திரும்பிப் பார்த்தார்.

"முடியாது!" என்று நானும் கத்தினேன்.

அவர் மறுபடியும் கேட்டார், முன்னைவிடச் சத்தமாக.